மரபுரிமை என்பது ஒரு வாக்கு

நேயர்களுக்கு வணக்கம். புரோகிராமிங் படிப்பவர்கள் கிளாஸுக்கு, அதாவது தரவையும் அதைக் கையாளும் மெத்தட்கள் என்ற செயல்களையும் சேர்த்து எழுதும் வார்ப்புக்கு, அடுத்துப் படிப்பது இன்ஹெரிட்டன்ஸ், அதாவது மரபுரிமை. தாய் கிளாஸில் எழுதிய மெத்தட்கள் சேய் கிளாஸுக்கு அப்படியே வந்துவிடும், ஒரே கோடை இரண்டு முறை எழுத வேண்டாம். பாடம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். தாய் கிளாஸை எதிர்பார்க்கும் எந்த இடத்தில் என்னை வைத்தாலும் வேலை கெடாது என்று சேய் கிளாஸ் வாக்குக் கொடுக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே மரபுரிமை வந்துவிட்டது. அதில் இருக்கும் இந்த வாக்கை 1987-இல் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ்.

வாக்கை மறந்தால் என்ன ஆகும்? ஜாவா மொழியில் ஸ்டாக் என்றொரு கிளாஸ் இருக்கிறது. அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. ஆனால் அதை வெக்டரின் சேயாக எழுதிவிட்டார்கள். வெக்டர் ஒரு பட்டியல். அதில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம், எங்கிருந்தும் நீக்கலாம். அந்த மெத்தட்கள் அத்தனையும் ஸ்டாக்குக்கும் வந்து சேர்ந்தன. ஆட் மெத்தடை அழைத்து, இடம் பூஜ்யம் என்று கொடுத்துப் பாருங்கள், புதியது அடியில் போய் உட்காரும். கோடைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாய் திறக்காது. முறையாக வந்த சொத்தாயிற்றே, எப்படித் தடுக்கும்? பழைய புரோகிராம்கள் இதை நம்பி ஓடுவதால் இப்போது பிரிக்கவும் வழியில்லை. அதற்குப் பதில், இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற டெக்கைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

வெக்டரை ஸ்டாக் தனக்குள் ஒரு ஃபீல்டாக, அதாவது உள் உறுப்பாக வைத்துக்கொண்டு, புஷ் (மேலே வை), பாப் (மேலிருந்து எடு), பீக் (மேலே உள்ளதைப் பார்) போன்றவற்றை மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆகவே ஒன்று சொல்கிறேன்: இது அதன் ஒரு வகையா, இல்லை இதற்குள் அது இருந்தால் போதுமா? கிளாஸ் எழுதும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல உதாரணமும் ஜாவாவிலேயே உண்டு. எக்செப்ஷன் என்பது புரோகிராம் ஓடும்போது எழும் பிழை அறிவிப்பு. ஃபைல் கிடைக்கவில்லை என்ற எக்செப்ஷன், உள்ளீடு-வெளியீட்டுப் பிழைகளுக்கான ஐஓ எக்செப்ஷனின் சேய். தாயைப் பிடிக்க எழுதிய கேட்ச் என்ற கோடு பகுதி, சேயையும் பிடித்துவிடும். வாக்கு காப்பாற்றப்படுகிறது.

அப்புறம், ஓவர்ரைடிங் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: தாயின் மெத்தடை மாற்றி எழுதும்போது ஓவர்ரைடு என்ற குறிப்பை மேலே சேருங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் பிடித்துவிடும். குறிப்பு இல்லாவிட்டால் தாயின் மெத்தடே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நன்றி, வணக்கம்.