கட்டைவிரலை நம்பாதீர்கள்

வணக்கம் நேயர்களே.

மோட்டார் சைக்கிள் இருக்கையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "அதில் கால் மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார் என் மனைவி. திண்டிவனம் தாண்டியதும் "வண்டியை நிறுத்துங்கள், இனி உட்கார முடியாது" என்று சொல்பவரும் அவர்தான்.

தாம்பரத்தில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை புல்லட்டில்தான் ஊருக்குப் போவேன். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரயில் இருக்கும்போது ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த 700 கிலோமீட்டரும் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன. என்ஜினைப் பற்றியும் டயரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசும் நாம், உடலும் வண்டியும் சேரும் அந்த ஒன்றரை அடி இடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

வண்டியோடு வந்த இருக்கை தட்டையாகிவிட்டது என்று நான் முதலில் வாங்கியது கடையில் தயாராகத் தொங்கிய ஒன்று. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அல்வா போல உள்ளே போனது. மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தேன். செங்கல்பட்டு வரை சிம்மாசனம். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் இறங்கியபோது நடையே மாறிவிட்டது. திருச்சிக்குப் போவதற்குள் ஆறு இடத்தில் தேநீர் குடித்தேன். தேநீர் ஆசை அல்ல, எழுந்து நிற்க ஒரு சாக்கு.

ஏன் இப்படி ஆகிறது? கட்டாந்தரையில் உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் கையில் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. நிமிர்ந்து உட்காரும்போது உடல் எடையில் பெரும்பங்கு இந்த இரண்டின் மேல்தான் இறங்குகிறது. மெத்தென்ற ஸ்பாஞ்சில் அவை மெல்லப் புதையும். ஒரு மணி நேரத்தில் அவற்றுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சு முழுதும் நசுங்கிவிடும். பிறகு நீங்கள் உட்கார்ந்திருப்பது ஸ்பாஞ்சில் அல்ல, அடித்தகட்டில். எலும்பு புதையப் புதைய, நடுவிலுள்ள மென்மையான சதையை ஸ்பாஞ்சு மேல்நோக்கி நெருக்கும். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் இடம் அது. மரத்துப்போவது அங்கிருந்துதான்.

ஆகவே விரலுக்கு இதமாக இருப்பது இடுப்புக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது இருக்கைக்காக, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் குஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். வழக்கம்போல விரலை வைத்து அமுக்கினேன். "விரலா சார் நாகர்கோவில் வரைக்கும் உட்காரப் போகிறது?" என்று கேட்டார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அவரிடம் கற்ற பாடம் ஸ்பாஞ்சைப் பற்றியது. ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ எடை என்பதுதான் அடர்த்தி. அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்சும் புதிதில் கெட்டியாக இருக்கலாம். ஆனால் சில மாதங்களில் குழி விழுந்துவிடும். அடர்த்தி கூடியது நெடுநாள் எழும்பி நிற்கும். துண்டு ஸ்பாஞ்சுகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் 'ரீபாண்டட்' என்ற வகையை அடியில் போட்டு, அதன் மேல் ஓரளவு இளகிய அடுக்கை மெல்லியதாக ஒட்டினார். உட்கார்ந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட பெஞ்சு நினைவுக்கு வந்தது. மூன்றாம் மணி நேரத்தில்தான் அதன் அருமை தெரிந்தது. வலியை நினைக்காமலே உளுந்தூர்பேட்டையைக் கடந்திருந்தேன்.

ஸ்பாஞ்சைவிட வடிவம் முக்கியம் என்பேன். இரண்டு முண்டுகளும் இருக்கையின் மேல் முழுதாக அமர வேண்டும். ஓரத்தில் ஒன்று தொங்கினால் எந்த ஸ்பாஞ்சாலும் பயனில்லை. உங்கள் அளவு தெரிய வேண்டுமா? அட்டைப்பெட்டியிலிருந்து நெளிவுத்தாள் உள்ள அட்டையை வெட்டி, கெட்டியான முக்காலியில் வைத்து, முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் இடைவெளிதான் உங்கள் அளவு. சைக்கிள்காரர்களின் பழைய உத்தி இது. பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி கூடுதல். ஆண்களுக்காகவே செய்த இருக்கையில் பெண் ஓட்டுநருக்கு வலி சீக்கிரம் வருவதற்கு இது ஒரு காரணம்.

அகலம் நல்லது என்று முன்பக்கத்தையும் அகலமாக்கிவிடாதீர்கள். தொடை விரிந்தால் கால் தரைக்கு எட்டாது. இருக்கையின் உயரத்தைக் கூட்டாமலே ஓரங்குலம் கூட்டியதுபோல் ஆகிவிடும். சிக்னலில் சாமான்களோடு வண்டி சாயும்போது அந்த ஓரங்குலத்தின் விலை தெரியும். சரிவையும் பாருங்கள். பல இருக்கைகள் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் வழுக்கி, மீண்டும் பின்னால் நகர்ந்து, நாள் முழுக்க ஒரு வீண் உடற்பயிற்சி.

குழிவான இருக்கையா, சமமானதா? இதில் சண்டையே உண்டு. குழிவானது முதுகைத் தாங்கும். ஆனால் ஒரே நிலையில் கட்டிப்போடும். நான் சமமான பக்கம். முன்னும் பின்னும் நான்கு அங்குலம் நகர முடிந்தால் அதுவே பாதி வைத்தியம்.

அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. இரும்புப் பிட்டம் என்று பொருள். வானொலியில் இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். நம் ஊர்க்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். இத்தகைய ஓட்டிகள் சிலர் ஸ்பாஞ்சை விட்டுவிட்டுக் காற்று மெத்தைக்குப் போனார்கள். அதன் கதை மருத்துவமனையில் தொடங்குகிறது. சக்கர நாற்காலியில் நாள்முழுக்க இருப்பவர்களுக்கு அழுத்தப்புண் வராமல் தடுக்க, ஒன்றோடொன்று இணைந்த சிறு காற்றறைகள் கொண்ட ரோஹோ மெத்தை 1970களில் வந்தது. ஓர் அறை அழுந்தினால் அதன் காற்று அடுத்த அறைகளுக்குப் போகும், எடை பரவும். அதே முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது ஏர்ஹாக். வாங்குபவர்கள் செய்யும் தவறு, பந்து போலக் காற்றடிப்பது. உங்கள் பிட்டம் அடியிலுள்ள இருக்கையைத் தொடாமல் மயிரிழையில் மிதக்கும் அளவு போதும். ஆனாலும் வளைவுகளில் வண்டி நழுவுவதுபோல ஓர் உணர்வு வரும். எனக்கு அது பழகவே இல்லை.

இருக்கையில் வைக்கும், கூழ் போன்ற ஜெல் அட்டைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். குளிர்நாட்டில் எப்படியோ, நம் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஜெல் தோசைக்கல். உள்வாங்கிய வெப்பத்தை எளிதில் விடாது. அதற்குப் பதில் மேலே காற்றோட்டமான வலையுறை போடுங்கள். செலவும் குறைவு, வியர்வையும் காயும்.

குஷன் கடையில் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். ஒன்று, எலும்பு அமரும் இடத்தில் தையல் வரக் கூடாது. தையல் உறுத்தும்; மழை நீரும் அதன் வழியாகத்தான் ஸ்பாஞ்சுக்குள் இறங்கும். ரெக்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும் கேளுங்கள். இரண்டாவது, ரெக்சினை உடனே ஸ்டேப்ளர் பின் அடித்து முடிக்க வேண்டாம், தற்காலிகமாக இழுத்துக் கட்டித் தாருங்கள் என்று சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று திரும்பி வந்து சொன்னால் அங்கே செதுக்குவார். முணுமுணுப்பார், ஆனால் செய்வார்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பின் பையில் பணப்பையோடு உட்கார்ந்தால் ஒரு பக்கம் உயர்ந்து இடுப்பு கோணும். ஜீன்ஸின் தடித்த உள்தையலும் அப்படித்தான். இருக்கையைக் குறை சொல்லும் முன் இவற்றைக் கழற்றிப் பாருங்கள். பணப்பையைச் சொல்கிறேன்.

பின்னால் உட்காருபவரை நாம் கேட்பதே இல்லை. முதல் முறை என் பாதியை மட்டும் சரிசெய்துகொண்டேன். அடுத்த முறை மனைவியையும் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் பக்கம் இரண்டு அங்குலம் அகலமானது. பிடித்துக்கொள்ளும் கம்பியும் அப்படியே இருந்தது. அதைக் கழற்றினால் அழகு என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், சட்டப்படி அது இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. வண்டியோடு வந்த இருக்கையை வெட்டக் கொடுக்காமல், புதுப்பேட்டையில் பழைய அடித்தகடு ஒன்றை வாங்கி அதன் மேல்தான் இந்த வேலையெல்லாம் செய்தேன். கம்பெனி இருக்கை பரணில் இருக்கிறது. வண்டியை விற்கும் நாளில் அதை மாட்டித்தான் கொடுப்பேன்.