வளம் வந்தால் புகை தானே அடங்குமா?

நடுவர் ஐயாவுக்கும் பினாங்குத் தமிழர்கள் நிறைந்த இந்த அவைக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் குஸ்நெட்ஸ் வளைகோடு என்ற பொருளியல் கருத்தைச் சொன்னார். நாடு வளர வளர முதலில் புகை ஏறுமாம், செல்வம் சேர்ந்த பிறகு தானாக இறங்குமாம். தானாக இறங்காது, சட்டம் போட்டு இறக்க வேண்டும் என்கிறோம் நாங்கள்.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1972இல் நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்ததால்தான் என் அப்பா தோட்டத்தை விட்டு வெளியே வந்தார். அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் மலேசிய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. பெரும்பாலும் எரிவாயுதான் எரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நம் தலைக்கு வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நிலக்கரியோ பத்தில் நான்கைத் தாண்டியது! காசு வந்தது, கூடவே கப்பல் கப்பலாகக் கரியும் வந்தது. கரி மலிவு, தடுக்கச் சட்டமில்லை, வேறென்ன நடக்கும்?

என் அக்கா ஃபேக்டரி பஸ் ஏறிப் பக்கத்து மாநிலமான கெடாவின் கூலிமுக்குப் போகிறார், சூரியத் தகடு செய்யும் வேலைக்கு. இரவு ஷிஃப்ட் முழுக்கக் கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேடுவார். விடிந்ததும் கண் சிவக்க வந்து காற்றாடியைப் போட்டுப் படுப்பார். அவர் கைபட்ட தகடு கப்பலேறி வெளிநாடு போகிறது. அவர் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடிக்குக் கரி எரிகிறது. தகடும் இங்கே, வெயிலும் இங்கே. நம் கூரைக்கு அது வரவில்லையே, ஐயா!

செல்வம் சேர்ந்ததும் கரியைக் கைவிட்ட நாடு என்று எதிரணியினர் பிரிட்டனைப் பெருமையாகச் சொன்னார்கள். சரி, பார்ப்போம். 2012இல் அங்கே மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி. 2024 செப்டம்பர் 30இல் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. நடுவில் நடந்தது என்ன? அதற்கு முன்பே, 2008இல், காலநிலைச் சட்டம் வந்திருந்தது. 2013இல் மின்நிலையங்கள் விடும் கரியமில வாயுவுக்கு அவை கட்ட வேண்டிய குறைந்தபட்ச விலை. 2015இல் நிலக்கரியை நிறுத்தக் கெடு அறிவிப்பு. கரி எரிப்பது நஷ்டமானது, நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பிரிட்டன் 2012இல்தான் பணக்கார நாடானதா? நூறு ஆண்டுக்கு மேலாகச் செல்வத்தில் மிதந்த நாடு, அந்தச் சட்டங்கள் வரும்வரை கரியை ஏன் கைவிடவில்லை?