கடைமடைக்கும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் நாம் பாத்திகளின் ஊடே கிடத்தும் கசிவுக் குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரும்பாலும் பழைய டயர் ரப்பர்த் துகள்களால் செய்யப்படும் இந்தக் கறுப்புக் குழாய், உடலெங்கும் நுண்துளைகள் கொண்டது. வியர்வை அரும்புவதைப் போல நீர் அதன் மேல் அரும்பி வேரடி மண்ணை நனைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், என் தோட்டத்தில் குழாய் தொடங்கும் இடத்திலிருந்த வெண்டை செழித்திருக்க, கடைசியில் நின்ற நான்கு கத்தரிச் செடிகள் மட்டும் நண்பகலுக்கு முன்பே வாடின. வேரழுகலோ என்று ஐயுற்று ஒரு செடியைப் பிடுங்கியும் பார்த்தேன். வேரில் குறையில்லை, அதைச் சுற்றியிருந்த மண்தான் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குழாயின் முனைமூடியைக் கழற்றியபோது, முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு செம்மண் குழம்பு கூழாக வெளிவந்தது, அதில் வெள்ளைச் செதில்களும் மிதந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு குழாய்க்குள் படிந்து உரிந்தவை அவை. கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்களுக்கு, தண்ணீர் வரவில்லை என்று காவிரிப் பாசன உழவர்கள் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்குக் கையில் தட்டுப்பட்டது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாரச் சொல்லி அவர்கள் மன்றாடுகிறார்களே, அந்தத் தூர்வாரல் இந்த விரல் தடிமன் குழாய்க்கும் வேண்டும்.

ஆகவே மாதம் இருமுறை முனைமூடியைக் கழற்றி, தண்ணீர் தெளிந்து வரும்வரை குழாயை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மீண்டும் சொல்கிறேன், கலங்கல் குறைந்தால் போதாது, முழுதும் தெளிய வேண்டும். உப்புப் படிந்த குழாயைச் சுருட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த வாளியில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் நன்றாக அலசுங்கள். கடும் அமிலம் ரப்பரைக் கெடுக்கும். நீர் நுழையும் வாயில் 120 மெஷ் வடிகட்டி (ஓர் அங்குல நீளத்தில் 120 கண்கள் கொண்ட வலை) ஒன்றை மாட்டி, அதை வாரந்தோறும் கழுவினால் மண் உள்ளே போவதே குறையும். ஒரே குழாயை 30 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். நீட்டினால் கடைசிச் செடிக்கு அழுத்தம் எட்டாது. குழாயின் மேல் வைக்கோலோ சருகோ மூடினால் வெயிலில் ரப்பர் வெடிக்காது.

அணில் கடித்த குழாயை ஒட்டுவது குறித்தும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கடிபட்ட துண்டை வெட்டி நீக்கிவிட்டு, இரு முனைகளையும் இணைப்பானில் செருகிக் கவ்வியால் இறுக்குங்கள். அருகில் ஒரு சட்டியில் அணிலுக்கும் தண்ணீர் வையுங்கள். வணக்கம்.