கேட்கத் தெரிந்த நடிகர்கள்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர் மிகுதியாக வாழும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அண்மைக்காலத் திரைப்படங்களையும் அவற்றில் நடித்தவர்களையும் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்த விழாக் குழுவினர், ‘ஆராய்ச்சியாக வேண்டாம், டீக்கடையில் பேசிக்கொள்வது போல இருக்கட்டும்’ என்று சொன்னார்கள். டீக்கடைப் பேச்சை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் வரை வாழும் நம் மக்கள், வெள்ளிக்கிழமை வெளியாகும் தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ போய்ப் பார்த்துவிட்டு, சப்டைட்டில் எதையும் நம்பாமல், இரண்டு மொழிகளையும் காதால் கேட்டே கருத்துச் சொல்கிறவர்கள். இந்த வசதி சென்னையில் இருப்பவருக்கும் எளிதில் வாய்க்காது, கொச்சியில் இருப்பவருக்கும் வாய்க்காது. இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, எந்தப் படம் எத்தனை கோடி வசூலித்தது, எந்த நடிகருக்கு எத்தனை நிமிட அறிமுகக் காட்சி என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டு நாம் எழுந்து போவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

ஒரு நடிகர் நல்ல நடிகரா என்று பார்ப்பதற்கு நான் நெடுநாளாக ஒரே ஒரு வழியைத்தான் பின்பற்றி வருகிறேன். அவர் பேசும்போது அவரைப் பார்ப்பதில்லை; எதிரில் இருப்பவர் பேசும்போது அவரைப் பார்க்கிறேன். அந்தச் சொற்கள் அவர் காதில் விழுகின்றனவா, விழுந்து உள்ளே ஏதேனும் செய்கின்றனவா, அல்லது தம் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாரா என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். இன்று நான் சொல்லப்போவது அத்தனையும் இதைச் சுற்றித்தான்.

2024 செப்டம்பரில் வெளிவந்த ‘மெய்யழகன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் முழுவதும் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார். அரவிந்த் சாமி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பரம்பரை வீட்டை இழந்து தஞ்சாவூரைவிட்டுப் போன ஒருவர், பல ஆண்டுகள் கழித்துத் தங்கை முறையுள்ள பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே தம்மை ‘அத்தான், அத்தான்’ என்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும் மனிதனின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. பெயரைக் கேட்கவும் வாய் வரவில்லை. இந்த ஒரு கூச்சத்தை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதையும் அரவிந்த் சாமி தாங்கி நடித்திருக்கிறார். மண மேடையில் தங்கையின் காலில் கொலுசை மாட்டிவிடும் காட்சியில் அவர் பேசுவது மிகக் குறைவு. ஆனால் அந்தப் பெண்ணின் அழுகை அவருடைய தோள்களில் இறங்குவதை நாம் காண்கிறோம். கார்த்தியின் நடிப்பைப் பாராட்டியவர்கள் பலர், அது நியாயமும்கூட. என்றாலும், இத்தனை அன்பாகக் கேட்க ஒரு முகம் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு அத்தனையும் வெறும் பேச்சாகப் போயிருக்கும் என்பது என் முடிவு. படம் நீளம் என்று குறைகூறப்பட்டதால், வெளியான சில நாள்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். இயக்குநர் பிரேம் குமார் எழுதிய அந்த இரவுக்கு அவசரம் கிடையாது. ஊரைப் பற்றிப் பேச வந்த படத்திடம் ‘சீக்கிரம் முடி’ என்று சொன்ன நம் பொறுமையின்மைதான் அங்கே குறை.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘கொட்டுக்காளி’யை இந்த அவையில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய அந்தப் படம் பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்தது. பின்னணி இசை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. ஆட்டோவின் சத்தம், இருசக்கர வாகனங்களின் உறுமல், கட்டிவைத்த சேவலின் படபடப்பு, இவைதாம் இசை. வேறு சாதிப் பையனை விரும்பியதற்காக மீனா என்ற பெண்ணுக்குப் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொல்லி, குடும்பமே கூடிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. மீனாவாக நடித்தவர் அன்னா பென், மலையாளத்து நடிகை. படம் நெடுக அவர் ஏறக்குறைய ஊமையாகவே இருக்கிறார். தமிழ் வராததால் வசனத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அதை நான் முழுமையாக மறுக்கிறேன். சுற்றி இருப்பவர்கள் அவளைப் பற்றி, அவளிடம் கேட்காமல், அவள் முன்னாலேயே பேசிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் அவள் கேட்கிறாள், எதற்கும் அசையவில்லை. அந்த அசையாமைக்குள் இருக்கும் பிடிவாதத்தை முகத்தின் ஒரு நரம்பும் துடிக்காமல் காட்டுவது, பக்கம் பக்கமாக வசனம் பேசுவதைக் காட்டிலும் கடினமான வேலை. வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டுக்கு அவள் உதடு லேசாக முணுமுணுக்கிறது. அந்த ஒரு முணுமுணுப்பைத் தாங்க முடியாமல் முறைமாமன் பாண்டி பாய்ந்து அடிக்கிறான். பாண்டியாக நடித்த சூரிக்குத் தொண்டை கட்டிப்போன குரல். நகைச்சுவையில் வாயை வைத்தே பிழைத்த ஒரு நடிகர் தம் குரலையே கழற்றி வைத்துவிட்டு நடிக்கத் துணிந்தாரே, அதற்காக அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு.

இனி நம் எல்லைக்கு மிகவும் நெருங்கிய படத்துக்கு வருகிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் மலையாளிகளின் வேன், வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தருகே நிற்கிறது. ஜேம்ஸ் இறங்கி, வயல்களைத் தாண்டி நடந்து, ஒரு வீட்டுக்குள் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைகிறார். உடையை மாற்றிக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். தமிழ் பேசுகிறார், வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார்.

மம்முட்டி தமிழுக்குப் புதியவர் அல்லர். 1991இல் ‘தளபதி’யிலும், 2019இல் ராமின் ‘பேரன்பு’விலும் அவரை நாம் கண்டோம். ஆனால் இங்கே அவர் செய்திருப்பது வேறு. ஜேம்ஸாக இருக்கும்போது நிமிர்ந்து, சற்றே எரிச்சலோடு, அடுத்தவரை அதட்டுகிற உடம்பு. சுந்தரமானதும் அதே உடம்பு இளகி, ஊர்க்காரரின் தோளில் கைபோடுகிற உடம்பாக மாறுகிறது. தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்பதால் இந்த மாற்றத்தை ஒளித்துவைக்க இடமில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வருவதைப்போலப் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. கண் தெரியாத தாய் ஒருத்தி தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தபடி, வந்தவனைத் தன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறாள். கண்ணால் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் ‘இவன் வேற்றாள்’ என்று திகைத்து நிற்கையில், காதால் அறிகிறவள் மட்டும் தயங்கவில்லை. ஊரார் தன்னை அடையாளம் காண மறுக்கும்போது, ‘நான் இந்த ஊர்க்காரன் இல்லையா’ என்ற தவிப்பில் மம்முட்டி காட்டும் முகத்தை, வீட்டில் ஒரு மொழியும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இன்னொரு மொழியுமாக வாழ்கிற நாம் புரிந்துகொள்வதுபோல யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. பூங்குழலியாக நடித்த ரம்யா பாண்டியனையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. கணவனின் சட்டையில் வேறொருவன் வாசலில் நடமாடுவதைக் கதவோரத்திலிருந்து பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வெறுப்பா, ஆசையா, பயமா என்று சொல்ல முடியாதபடி நடித்திருக்கிறார்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழுந்த உண்மைச் சம்பவம். 2024இல் சிதம்பரம் இயக்கத்தில் படமாக வந்து, மொழிமாற்றம் இல்லாமலேயே தமிழ்நாட்டுத் திரையரங்குகளை நிறைத்தது. ‘கண்மணி அன்போடு’ பாட்டுக்காக ஓடியது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. எனக்கு அந்தப் படம் நிற்பது, குழிக்கு மேலே நண்பர்கள் எல்லோரும் கத்திவிட்டு, கீழிருந்து ஒரு குரல் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் காத்திருக்கும் நேரத்தில்தான். மழை வந்ததும் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க அவர்கள் தரையில் குறுக்கே படுத்துக்கொள்கிறார்கள். சௌபின் சாகிர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குமுன் அவருடைய முகத்தில் வீரம் எதுவும் இல்லை, பயம் மட்டுமே இருக்கிறது. நம் கதாநாயகர்கள் அந்தப் பயத்தைத் திரையில் அனுமதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஃபகத் ஃபாசிலைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அவருடைய கண் ஓரிடத்தில் நிற்காது என்று புகழ்கிறோம். நான் புகழ்வது அவருடைய காதை. ‘ஆவேசம்’ படத்தில் பெங்களூரை ஆட்டிப்படைக்கும் ரங்கன், மாணவன் ஒருவனின் தாய் தொலைபேசியில் மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று விசாரிக்கும்போது அப்படியே நின்றுபோகிறான். தன்னை அப்படிக் கேட்க ஆளில்லாத ஒருவனின் நிலை அந்த ஒரு நிற்றலில் வந்துவிடுகிறது. ஆனால் ‘மாமன்னன்’ படத்தில் அவர் நடித்த, சாதித் திமிர் பிடித்த ரத்தினவேலை, படம் ஓடிடி தளத்துக்கு வந்தபின் நம் பிள்ளைகள் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பாட்டுகளைச் சேர்த்துக் கைப்பேசியில் பரப்பினார்களே, அது என்னை மிகவும் வேதனைப்படுத்தியது. மாரி செல்வராஜ் எந்தத் திமிரைக் கேள்வி கேட்பதற்காக அந்தப் பாத்திரத்தை எழுதினாரோ, அந்தத் திமிரையே கொண்டாடிவிட்டோம். நாற்காலியில் உட்காரக்கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு தகப்பனாக வடிவேலு நின்ற நிற்பை வெட்டிப் பரப்பியவர்கள் எத்தனை பேர்? சொல்லப்போனால், அண்மைத் தமிழ்ப் படங்களில் கேட்டுக்கொண்டே நடித்தவர்களில் முதல் இடத்தை நான் வடிவேலுவுக்குத்தான் தருவேன்.

பாலக்காட்டுக் கல்லூரியையும் மூணாற்றுத் தமிழ் மாணவர்களையும் வைத்து எடுத்த ‘ரெபெல்’ படத்தை நம் ஊரில் ஆவலோடு எதிர்பார்த்தோம். நம் கதை என்று நம்பினோம். படத்தில் எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு வெறுப்பைத் தவிர வேறு குணமே எழுதப்படவில்லை. அதனால் நம் தரப்பின் வலியும் வெளிறிப்போனது. அதில் நடித்த மமிதா பைஜூ, சில வாரங்களுக்கு முன் ‘பிரேமலு’வில் நஸ்லெனோடு எவ்வளவு இயல்பாக இருந்தார் என்பதை நினைத்தால், பேசக் கிடைக்கும் ஆள் இருந்தால்தான் நடிகர் மலர்வார் என்பது விளங்கும். ‘லப்பர் பந்து’வில் ‘அட்டகத்தி’ தினேஷும் ஸ்வாசிகாவும் அப்படி ஒருவருக்கொருவர் கிடைத்தார்கள். ஸ்வாசிகா மலையாளப் பெண் என்பது படம் முடிந்த பிறகே பலருக்குத் தெரியவந்தது. மைதானமே கதியென்று கிடக்கும் கணவனை முறைக்கும் அந்தப் பார்வை நம் தெருவில் அன்றாடம் காண்பது.

இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் வடவன்னூர் எம்.ஜி.ஆரின் குடும்பத்து ஊர். எலப்புள்ளியில் பிறந்தவர் மெல்லிசை மன்னர் விசுவநாதன். மொழி தாண்டி நடிகரும் கலைஞரும் போய்வருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல; போய்வருகிறவர்களைக் கவனித்துப் பார்க்கும் கடமை மட்டும் நம்மிடம் இருக்கிறது.

வாசகசாலைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ‘கொட்டுக்காளி’யையும் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தையும் உரிய அனுமதி பெற்று, இந்த மண்டபத்திலேயே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திரையிடுங்கள். இரண்டுமே ஒலியால் எடுக்கப்பட்ட படங்கள் என்பதால் மைக் செட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி நல்ல ஸ்பீக்கர் வரவழைக்க வேண்டும். மின்விசிறிச் சத்தம் குறைந்த மாதமாகப் பார்த்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பெண்களை அழைத்து வாருங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.