கேட்கிறதா, கேட்கிறீர்களா?

வணக்கம் நேயர்களே. அடுப்படியில் நிற்பவர்கள், டாக்சி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பேருந்தில் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். என் குரல் உங்களுக்குக் கேட்கிறதா? சரி. அடுத்தது: நான் பேசுவதைக் கேட்கிறீர்களா?

இரண்டும் ஒன்றில்லை. முதலாவது ஆங்கிலத்தில் 'ஹியர்'. தானாகக் காதில் விழுவது. இரண்டாவது 'லிசன்'. நாமாகக் காதைக் கொடுப்பது. காப்பிக் கடையில் தொலைக்காட்சி அலறுகிறதே, அது ஹியர். பக்கத்து மேசையில் யாரோ நம் பெயரைச் சொன்னதும் காப்பியைக் கீழே வைக்கிறோமே, அது லிசன்.

"தமிழில் ரெண்டுக்கும் ஒரே சொல்தானே சார், அதான் குழம்புது" என்று மாணவர்கள் சொல்வார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் 'எனக்குக் கேட்கிறது' வேறு, 'நான் கேட்கிறேன்' வேறு. 'எனக்கு', 'நான்', அவ்வளவுதான் வித்தியாசம். 'எனக்குத் தெரிகிறது', 'நான் பார்க்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'சீ'யும் 'லுக்'கும் வந்துவிட்டன. இங்கே நம் சொல்லும் மாறுகிறது. ஆனால் கேட்பதில், ஆங்கிலம் சொல்லை மாற்றுகிறது, நாம் வேற்றுமை உருபை மாற்றுகிறோம். இதை வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன், இன்று நூற்றொன்று.

ஆசிரியர் ஆவதற்கு முன்னால், 1983இல், நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. லண்டனிலிருந்து புதிதாக ஒரு மேலாளர் வந்தார். எங்கே வீடு என்று விசாரித்தார். "ஐயாம் ஸ்டேயிங் இன் தோ பாயோ, சார்" என்றேன். எவ்வளவு நாளாக? "12 வருஷமா." மனிதர் முகம் வாடிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த சீன அக்காவைப் பார்த்தார். அவரும் உற்சாகமாக, "மீ ஆல்சோ! குவீன்ஸ்டவுன், 15 வருஷமா ஸ்டேயிங்!" என்றார். இந்த ஊரில் ஒருவருக்குமே நிரந்தர வீடு கிடையாதோ என்று பயந்துவிட்டார் பாவம். அவர் காதுக்கு 'ஸ்டே' என்றால் தங்குவது, ஹோட்டலில் நாலு நாள் தங்குகிற மாதிரி. குடியிருப்பதற்கு 'லிவ்'. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டைச் சொந்தமாக வாங்கி, வாசலில் மாவிலை கட்டி வாழ்கிறவர்கள் நாங்கள்!

நம் ஊரில் ஏன் எல்லாரும் ஸ்டே என்கிறோம்? மலாயில் 'திங்கல்' என்றால் தங்குவதும் குடியிருப்பதும் ஒன்றுதான். சீனத்திலும் அப்படித்தான். தமிழில் மட்டும் 'தங்கியிருக்கிறேன்', 'குடியிருக்கிறேன்' என்று பிரித்தே சொல்கிறோம். அப்படியிருந்தும் ஊரோடு ஒத்துப் போய்விட்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்த மேலாளர் ஸ்காட்லாந்துக்காரராக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அங்கேயும் குடியிருப்பதை ஸ்டே என்றுதான் சொல்வார்கள்.

'பாரோ', 'லெண்ட்' பற்றியும் பேச நினைத்தேன். வாங்கும் கை பாரோ, கொடுக்கும் கை லெண்ட். போதும், ஏனென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்.

இரண்டு நிமிடத்தில் ஆயிரம் ஆண்டு வரலாறு! 1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அப்புறம் நீண்ட காலம் அரண்மனையில் பிரெஞ்சு, வயற்காட்டில் ஆங்கிலம். அதனால்தான், ஆரம்பிப்பதற்கே இரண்டு சொல்: பழைய ஆங்கிலத்தின் 'பிகின்' வீட்டுச் சொல், பிரெஞ்சிலிருந்து வந்த 'கமென்ஸ்' சபைச் சொல். குழந்தை அழ ஆரம்பித்ததற்குக் கமென்ஸ் போட்டால் சிரிப்பார்கள். நாம் கோயிலில் கையேந்தி வாங்குவது தீர்த்தம். அதற்காக, வாளியில் தீர்த்தம் பிடித்து வை என்று வீட்டில் யாராவது சொல்கிறோமா?

தேக்கா சந்தையில் நாம் மட்டன் என்று வாங்கும் வெள்ளாட்டுக் கறி ஆங்கிலேயருக்கு ஏன் மட்டன் இல்லை என்பதும் இதோடு சேர்ந்த கதைதான்... சிவப்பு விளக்கு வந்துவிட்டது. வணக்கம்.