டிஎன்ஏ-வின் நான்கு எழுத்தையும் அளவாக வைப்பது யார்?

[திரையில்: ரெண்டாகப் பிரியும் செல்]

வணக்கமுங்க. ஒரு மனுஷ செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி சுமார் 600 கோடி ஜோடி எழுத்தைப் படியெடுத்தாகணும். ஏ, ஜி, சி, டி, நாலுக்கும் மூலப்பொருள் கையில இருக்கணும். ஆனா செல்லுக்குள்ள தாராளமா மிதக்கறது ஆர்என்ஏ-வுக்கான கட்டைகள்தான். அந்தக் கட்டையோட சர்க்கரையில, ரெண்டாவது கார்பன்ல ஒரு ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கு. அதை எடுத்துட்டா அது டிஎன்ஏ கட்டை ஆயிரும்.

இந்த ஒரு ஆக்சிஜனை எடுக்கற நொதிதான் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். டிஎன்ஏ கட்டையைப் புதுசா உண்டாக்க உயிர்களுக்கு இருக்கற வழி இது ஒண்ணுதான். கோவை, ஈரோடு, நாமக்கல்னு நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல பயோகெமிஸ்ட்ரி படிக்கற தம்பி தங்கைகள் இதோட கட்டுப்பாட்டு அட்டவணையை, அதாவது எந்த மூலக்கூறு வந்து ஒட்டினா எந்த எழுத்து உருவாகும்ங்கற பட்டியலை, மனப்பாடம் பண்ணித்தான் தேர்வுக்குப் போறாங்க. கண்ணுகளா, அதுக்கு அவசியமே இல்லை. நொதியோட உருவத்தைப் பார்த்தா அட்டவணை தானா மனசுல நிக்கும்.

[திரையில்: ஆல்ஃபா, பீட்டா துணையலகுகள்]

ஈகோலை பாக்டீரியாவோட நொதியை எடுத்துக்கலாம். ஆல்ஃபான்னு பெரிய புரதச் சங்கிலி ரெண்டு, பீட்டான்னு சின்னச் சங்கிலி ரெண்டு. ஆக்சிஜனை எடுக்கற வினை மையம் ஆல்ஃபாவுல இருக்கு. அந்த வினையைத் தொடங்கி வைக்கற சக்தி பீட்டாவுல இருக்கு. பீட்டாவுக்குள்ள ரெண்டு இரும்பு அணு, அதை ஒட்டி 122-ஆவது இடத்துல டைரோசின்னு ஒரு அமினோ அமிலம். அந்த டைரோசின் ஜோடி இல்லாத ஒத்தை எலக்ட்ரானோட நிக்குது. அதாவது அது ஒரு ஃப்ரீ ராடிக்கல். பொதுவா ஃப்ரீ ராடிக்கல்னா செல்லுக்கு ஆபத்து. இங்கே அதையே புரதத்துக்கு நடுவுல பத்திரமா பொத்தி வெச்சிருக்கு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இது.

வினை நடக்கணும்னா அந்த ராடிக்கல் பீட்டாவுல இருந்து கிளம்பி, வழியில இருக்கற அமினோ அமிலங்கள் மேல ஒவ்வொண்ணா மாறி, சுமார் 35 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு) தூரம் தாண்டி, ஆல்ஃபாவுல 439-ஆவது இடத்துல இருக்கற சிஸ்டீன்ங்கற அமினோ அமிலத்துக்குப் போய்ச் சேரணும். அங்கே கட்டையோட மூணாவது கார்பன்ல இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அதனால ரெண்டாவது கார்பன்ல இருக்கற ஆக்சிஜன் தளர்ந்து, தண்ணி மூலக்கூறா வெளியே போயிரும். வேலை முடிஞ்சதும் ராடிக்கல் மறுபடி டைரோசினுக்கே திரும்பிரும். வேதியியல் விஞ்ஞானி ஜோஆன் ஸ்டப்பி பல பத்து வருஷம் உழைச்சு இந்தப் பாதையைத் துலக்கினாங்க. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒட்டி நிக்கற அந்த வேலை நிலையை அவங்களும் இன்னொரு விஞ்ஞானி கேத்தரின் ட்ரென்னனும் சேர்ந்து கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில படம் பிடிச்சு 2020-ல வெளியிட்டாங்க.

ஒண்ணு கவனிச்சுக்கோங்க. ஆல்ஃபாவும் பீட்டாவும் சரியாப் பொருந்தி நின்னாத்தான் ராடிக்கலுக்கு வழி. இது கொஞ்ச நேரத்துல வேணும்.

[திரையில்: பவானிசாகர் அணை, கீழ்பவானி வாய்க்கால்]

கட்டுப்பாட்டுக்கு வருவோம். கீழ்பவானி பாசனத்தை நினைச்சுக்கோங்க. அணையில தலைமதகைத் திறக்கறதா மூடறதாங்கறது ஒரு முடிவு. திறந்த தண்ணி ஒற்றைப்படை மதகுக்கா இரட்டைப்படை மதகுக்காங்கறது வேற முடிவு. நம்ம நொதியிலயும் இதே மாதிரி ரெண்டு முடிவு, ரெண்டு தனித்தனி இடத்துல. ரெண்டுமே வினை மையத்தை விட்டுத் தள்ளி இருக்கு. எங்கேயோ ஒரு மூலக்கூறு வந்து ஒட்ட, வினை மையத்துல வேலை மாறுது. அல்லோஸ்டெரிக் கட்டுப்பாடுன்னு சொல்றது இதைத்தான்.

முதல்ல, எந்த எழுத்துங்கற முடிவு. ரெண்டு ஆல்ஃபாவும் சேர்ற விளிம்புல ஒரு குழி. அதுல செல்லோட எரிபொருள் மூலக்கூறான ஏடிபி உட்கார்ந்தா, நொதி சி, யு கட்டைகளை எடுத்துக்கும். யு-ங்கறது ஆர்என்ஏ-வுல டி-க்குப் பதிலா இருக்கற எழுத்து. யு-வுல இருந்து பின்னாடி டி வரும். டி போதுமான அளவு சேர்ந்ததும், டி-யோட டிரைபாஸ்பேட் (மூணு பாஸ்பேட் சேர்ந்த வடிவம்) அதே குழிக்கு வந்து உட்காரும். உடனே நொதி ஜி-க்கு மாறும். ஜி சேர்ந்ததும், டிஆக்ஸி ஜி, அதாவது ஆக்சிஜன் நீங்கின ஜி, வந்து உட்காரும், அடுத்து ஏ-வோட முறை. அட்டவணை அவ்வளவுதான்: முந்தின எழுத்து வந்து அடுத்த எழுத்துக்கு வழிவிடுது. குழிக்கும் வினை மையத்துக்கும் நடுவுல நெளிஞ்சு கிடக்கற ஒரு கண்ணி இந்தச் சேதியைக் கொண்டு போகுது. குழியில யார் இருக்காங்கங்கறதைப் பொறுத்து அது வடிவம் மாறி, எந்தக் கட்டை உள்ளே பொருந்தும்னு தீர்மானிக்குது.

இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னா, நாலு எழுத்துல ஒண்ணு அளவு மீறினாலே டிஎன்ஏ படியெடுக்கற நொதி தப்பான இடத்துல அதைச் செருகிடும். அதுதான் மரபணுப் பிழை. என்னைக் கேட்டா, மொத்த அளவை விட இந்தச் சமநிலைதான் செல்லுக்குப் பெரிய கவலை.

ரெண்டாவது, திறக்கறதா மூடறதாங்கற முடிவு. ஆல்ஃபாவோட முனையில இன்னொரு குழி. அங்கே ஏடிபி இருந்தா ஓட்டம். கடைசியா உருவாகற டிஆக்ஸி ஏடிபி, அதாவது ஏ எழுத்தோட டிஎன்ஏ கட்டை, நிறைய சேர்ந்து, ஏடிபி-யைத் தள்ளிட்டு அங்கே உட்கார்ந்தா நிறுத்தம். அந்த நிறுத்தம் நடக்கற விதம்தான் அழகு. ஈகோலையில நாலு ஆல்ஃபாவும் நாலு பீட்டாவும் மாறி மாறிக் கைகோத்து ஒரு வளையம் ஆயிருது. வளையத்துல பீட்டா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா தொட வேண்டிய பக்கத்துல இல்லை. 35 ஆங்ஸ்ட்ராம் பாதை அறுந்து போச்சு, ராடிக்கல் தாண்ட முடியாது. மனுஷ நொதியில ஆறு ஆல்ஃபா சேர்ந்த வளையம். உருவம் வேற, பலன் அதே.

[திரையில்: லிம்போசைட்டுகள்]

இந்தக் கதவு தப்பான நேரத்துல மூடிக்கிட்டா? அடினோசின் டீஅமினேஸ்னு இன்னொரு நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகள்ங்கற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்ல டிஆக்ஸி ஏடிபி குவியும். ரிடக்டேஸ் நின்னு போகும். அந்தச் செல்கள் பெருக முடியாம, சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்தாகும்.

நம்ம மலைப்பக்கத்துக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்குங்க. சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை ரத்த நோய் சிக்கிள் செல். இந்தியாவுல அந்தத் தன்மை முதன்முதலாப் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட, 1952-ல. அந்த நோய்க்கு இன்னைக்குக் கொடுக்கற முக்கியமான மருந்து ஹைட்ராக்ஸியூரியா. அது நாம பார்த்த ரெண்டு குழிக்கும் போறதில்லை. நேரா பீட்டாவுக்குள்ள போய் டைரோசின் ராடிக்கலை அணைச்சிரும். எலும்பு மஜ்ஜையில செல் பிரியற வேகம் மாறி, சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் கூடும். அது கூடினா சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு வளையறது குறையும், வலியும் குறையும். ஆனா மருந்துக்கு எந்தச் செல்லோட ரிடக்டேஸ்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. வெள்ளணு, தட்டணு உண்டாகறதும் குறையலாம். அதனாலதான் இதைச் சாப்பிடறவங்களுக்கு ரத்த அணு எண்ணிக்கையை அப்பப்போ பார்க்கச் சொல்றாங்க. உங்க வீட்டுலயோ ஊருலயோ யாராவது சாப்பிட்டா, அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீங்க. அளவைக் கூட்டறதும் குறைக்கறதும் டாக்டர் சொல்லித்தான் நடக்கணும்.