80 மணி நேரமும் 13,000 வேலையும்

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசின் கஜானாவில் ஏழைக் குடும்பமும் கை நீட்டுகிறது, பெரிய நிறுவனமும் கை நீட்டுகிறது. இரண்டு பேருக்கும் பெரும்பாலும் நிபந்தனை போட்டுத்தான் பணம் தருகிறார்கள். நிபந்தனை தவறினால் யாருக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தில் மவுன்ட் பிளசன்ட் என்று ஓர் ஊர். 2017-இல் தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அந்த மாநிலத்துக்கு வந்தது. 1,000 கோடி டாலர் முதலீடு, திரைகள் செய்யும் பெரிய ஆலை, 13,000 பேருக்கு வேலை என்று வாக்குக் கொடுத்தது. அன்றைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் மாநிலத்தின் பங்காக மட்டும் சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாகக் கையெழுத்துப் போட்டார். பேச்சுக்கு அது வரிச்சலுகை. ஆனால் விஸ்கான்சினில் உற்பத்தித் தொழிலுக்கு மாநில வருமான வரி ஏற்கெனவே இல்லாத மாதிரிதான். கழிக்க வரியே இல்லாதபோது சலுகை எப்படிப் போய்ச் சேரும்? பெரும்பகுதி ரொக்கமாகத்தான் போய்ச் சேரும். எல்லாம் சொன்னபடி நடந்தால்கூட, போட்ட பணம் மாநிலத்துக்குத் திரும்பி வர 2043 ஆகிவிடும் என்று சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2018 ஜூனில் அதிபர் டிரம்ப் நேரில் வந்து மண்வெட்டி பிடித்தார். உலகின் எட்டாவது அதிசயம் என்றார். ஊர் நிர்வாகம் கடன் வாங்கிச் சாலை போட்டது, தண்ணீர்க் குழாய் பதித்தது. நல்ல நிலையில் இருந்த வீடுகளும் வயல்களும் கொண்ட பகுதியைச் சீர்கெட்ட பகுதி என்று அறிவித்து, அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஆனால் சொன்ன ஆலை எழும்பவில்லை. முதல் ஆண்டுக்குரிய குறைந்தபட்ச வேலை எண்ணிக்கையைக்கூட நிறுவனம் எட்டவில்லை. மாநிலம் அந்தச் சலுகையைக் கொடுக்காமல் நிறுத்தியது. அந்த அளவில் சரிதான். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 2021-இல் இரு தரப்பும் உட்கார்ந்து புதிதாக ஒப்பந்தம் எழுதின. 13,000 வேலை 1,454 ஆனது. சலுகையும் குறைந்து அதிகபட்சம் 8 கோடி டாலர் என்றானது. வாக்குத் தவறிய நிறுவனத்துக்கு, அதால் முடிந்த அளவுக்கு ஏற்ற ஒரு புது நிபந்தனை கிடைத்தது.

இப்போது உணவு உதவிக்கு வருகிறேன். பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப், 2008 முதல் ஸ்நாப். 2024-இல் நான்கு கோடிக்கும் அதிகமானோர் இதை நம்பி வாழ்ந்தார்கள். அந்த ஆண்டுக் கணக்குப்படி சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆறு டாலர். மாதந்தோறும் ஓர் அட்டையில் பணம் ஏறும், கடையில் அதைத் தேய்த்து மளிகை வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது. குழந்தைக்கு டயபர் வாங்க முடியாது. கடையில் சுட்டு வைத்திருக்கும் கோழி சூடாக இருந்தால் அட்டை செல்லாது. அதே கோழியை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து விற்றால் செல்லும். அடுப்பில்லாத அறையில் தங்கியிருப்பவரும், வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வரும் தாயும் இந்த விதிக்கு உட்பட்டவர்கள்தான்.

வேலை நிபந்தனை 1996-இல் வந்தது. உடல்நலம் உள்ள, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில்லாத ஒருவர் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உணவு உதவி. அன்று 49 வயது வரை இருந்த இந்த விதி 2023-இல் வந்த சட்டத்தால் படிப்படியாக 54 ஆனது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் 64 ஆகிவிட்டது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை இல்லாத பெற்றோரையும் சேர்த்துவிட்டார்கள். வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 2023-இல் கொடுத்த விலக்கையும் பறித்துவிட்டார்கள். ஒரு மாதம் கடைக்காரர் 60 மணி நேர வேலைதான் கொடுத்தார் என்றால், அந்த 61 வயதுப் பெண்ணோடு யாரும் உட்கார்ந்து புது ஒப்பந்தம் எழுதுவதில்லை.

உழைக்காமல் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் ஆர்கன்சா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 2018-இல் அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இதே 80 மணி நேர நிபந்தனையை வைத்தார்கள். இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும், அந்தத் தளமும் இரவு 9 மணிக்கு மூடிவிடும். சில மாதங்களில் ஏறக்குறைய 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். நிபந்தனைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று பின்னால் ஆய்வில் தெரிந்தது. அவர்கள் பிழைப்புக்கு உழைத்தார்கள். படிவம் நிரப்பத்தான் முடியவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020-இல் ஒரு கணக்கு எடுத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஸ்நாப் வாங்குவோர் எங்கே வேலை செய்கிறார்கள் என்று சில மாநிலங்களில் பார்த்தால், பட்டியலின் மேல்வரிசையில் வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் இருந்தன. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், ஒரு காசு ஏறவில்லை. கூலியில் விழுந்த துண்டை அரசின் அட்டை நிரப்புகிறது. அந்த அட்டைப் பணத்திலும் கணிசமான பகுதி வால்மார்ட்டின் கல்லாவிலேயே போய் விழுகிறது. அப்படிப் பார்த்தால் இது யாருக்கான மானியம்? இந்தக் கேள்வியை வாஷிங்டனில் உரக்கக் கேட்கிறவர்கள் மிகச் சிலர்தான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

நிறுவன வரி 2017-இல் வந்த சட்டத்தால் 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது. அதற்கு ஈடாக எத்தனை பேருக்கு வேலை தர வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனைகூட இல்லை. 2025 சட்டமோ பத்தாண்டுகளில் ஸ்நாப்பிலிருந்து சுமார் 18,700 கோடி டாலரை வெட்டுகிறது. நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் போட்ட மதிப்பீடு இது: மொத்தமாகப் பார்த்தால் அடிமட்டத்துப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் இழப்பு; உச்சியில் உள்ள பத்து சதவீதத்துக்குச் சுமார் 13,600 டாலர் லாபம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. இதுவரை உணவுத் தொகை முழுவதும் மத்திய அரசின் செலவு. 2027 அக்டோபர் முதல், உதவித்தொகையைக் கணக்கிட்டுக் கொடுப்பதில் பிழை அதிகமாக உள்ள மாநிலங்கள் அதில் 15 சதவீதம் வரை தாங்களே போட வேண்டும். அதாவது நிறுவனங்களை இழுக்க ஒன்றோடொன்று போட்டி போட்டுச் சலுகை தரும் அதே மாநிலங்களின் பட்ஜெட்டில், ஏழையின் மளிகைச் செலவும் வந்து உட்காரப் போகிறது. எதை வெட்டுவது என்ற பேச்சு ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் எழும். அன்று மளிகையில் கை வைப்பதற்கு முன்னால், நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்வளவு கொடுத்தோம், எத்தனை வேலை வந்தது என்று அவையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். அங்கே வாக்குரிமை உள்ள நம்மவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை இப்போதே எழுதலாம். அவகாசம் அதிகமில்லை.